யாரும் திருத்தலாம் என்று திறந்துவிட்ட நூலகம்: ட்ரோவ், ஒரு நிகழ்வு ஆய்வு

கான்பெராவில் பர்லி கிரிஃபின் ஏரிக்கரையில் இருக்கிறது ஆஸ்திரேலிய தேசிய நூலகம். ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிய பழைய செய்தித்தாள்களிலிருந்து கணினி படித்தெடுத்த எழுத்துவடிவத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று 2008-இல் அது திறந்துவிட்டது. அந்தச் செய்தித்தாள்கள் இன்று இருப்பது நூலகத்தின் 'ட்ரோவ்' என்ற தேடல் தளத்தில். பெயர் பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. திருத்தியதை நூலக ஊழியர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்ற ஏற்பாடும் கிடையாது. சேமித்தால் போதும், அடுத்து வரும் வாசகருக்குத் திருத்திய வடிவம்தான் தெரியும்.

நூலகத் தொழிலை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ஒரு நூலாசிரியரின் பெயரை எந்த வடிவில் எழுதுவது என்பதற்கே விதிப்புத்தகம் வைத்திருக்கும் தொழில் அது. அதுவும் ஒரு நாட்டின் தேசிய நூலகம். முன்பின் தெரியாத ஆள் வந்து அங்கே இருக்கும் எழுத்தை மாற்றிவிட்டுப் போகலாம் என்றால் யாருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஏன் கெட்டுப்போகவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். மக்களை நம்பினால் மக்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்ற கதையாக இதைச் சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது பாதிக் கதை. மீதிப் பாதி, அந்த மென்பொருளை வடிவமைத்தவர்கள் எடுத்த சில சின்ன முடிவுகளில் இருக்கிறது.

மைக்ரோஃபிலிமிலிருந்து திரைக்கு

ஆஸ்திரேலியாவின் முதல் செய்தித்தாளான 'சிட்னி கெஜட்' 1803 மார்ச் 5 அன்று வெளிவந்தது. அதை அச்சிட்ட ஜார்ஜ் ஹோவ், தண்டனைக் கைதியாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். அதன்பிறகு தங்கம் கிடைத்த ஊரிலும் கம்பளி விற்ற ஊரிலும் பத்திரிகைகள் முளைத்தன. செய்தித்தாள் காகிதம் சீக்கிரம் பழுப்பேறி நொறுங்கிவிடும் என்பதால், தேசிய நூலகமும் மாநில நூலகங்களும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டு அவற்றை மைக்ரோஃபிலிம் என்ற படச்சுருளில் பொடியாகப் படம்பிடித்து வைத்தன.

மைக்ரோஃபிலிம் பக்கத்தைக் காப்பாற்றும், ஆனால் தேடுவதற்கு உதவாது. தாத்தாவின் மரண அறிவிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் எந்த வாரம் இறந்தார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல்தானே நூலகத்துக்கே வருகிறார்கள்? கருவியின் முன் உட்கார்ந்து, சுருளைச் சுற்றி, கண் வலிக்கப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தச் சுருளும் தலைநகரிலோ மாநிலத் தலைநகரிலோ இருக்கும். ஆஸ்திரேலியா போன்ற பெரிய நாட்டில் அதற்கு ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருக்கலாம்.

2007-இல் தேசிய நூலகம், மாநில, ஆட்சிப்பகுதி நூலகங்களோடு சேர்ந்து செய்தித்தாள்களை மின்வடிவில் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பெரிய நாளிதழ்: மெல்பர்னின் 'ஆர்கஸ்', ஹோபார்ட்டின் 'மெர்குரி' என்று. காலம் 1803 முதல் 1954 வரை. 1954 என்ற கோட்டைப் போட்டது பதிப்புரிமைச் சட்டம். திட்டத்தின் மேலாளர் ரோஸ் ஹோலி. இந்தத் திட்டத்தைப் பற்றி இன்று இவ்வளவு விவரமாகப் பேச முடிகிறது என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம். என்ன செய்தோம், எது சரிவரவில்லை, எத்தனை பேர் வந்தார்கள் என்பதையெல்லாம் எண்களோடு அவ்வப்போது எழுதி வெளியிட்டார். அரசு நிறுவனங்களில் இந்தப் பழக்கம் அரிது.

98 சதவீதம் என்றால் என்ன

மைக்ரோஃபிலிமை ஸ்கேன் செய்தால் கிடைப்பது படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட வேண்டுமானால் ஓ.சி.ஆர். என்ற எழுத்துணரி மென்பொருள் அதைப் படித்து எழுத்தாக மாற்றித் தர வேண்டும். புதுப் புத்தகத்தில் இது நன்றாக வேலை செய்யும். நூறு வருடத்துக்கு முந்தைய செய்தித்தாளில் நிலைமை வேறு. தேய்ந்த அச்செழுத்து, பின்பக்கத்து மை ஊறித் தெரிவது, மடிப்பு, நடுவே வளைந்த பக்கம், எட்டுப் பத்தியில் நெருக்கி அடித்த பொடி எழுத்து, போதாக்குறைக்கு மைக்ரோஃபிலிம் எடுத்தவர் ஃபோகஸ் சரியாக வைக்காத நாட்கள்.

ஹோலி மாதிரிப் பக்கங்களை எடுத்துப் பார்த்ததில், எழுத்துணரியின் துல்லியம் மோசமான பக்கத்தில் 71 சதவீதமாகவும் நல்ல பக்கத்தில் 98 சதவீதமாகவும் இருந்தது. நூற்றுக்கு 98 என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடுபவர் எழுத்தைத் தேடுவதில்லை, சொல்லைத் தேடுகிறார். இது எழுத்துக் கணக்கு, பிழைகளும் சீராகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். 98 சதவீதத்திலேயே ஐந்தெழுத்துச் சொற்களில் பத்துக்கு ஒன்று கெட்டிருக்கும். 71 சதவீதப் பக்கத்தில் ஐந்தில் ஒரு சொல்கூட முழுதாகத் தேறாது. உண்மையில் பிழைகள் சீராகப் பரவுவதில்லை, கறை பட்ட இடத்தில் கும்பலாக இருக்கும். இருந்தாலும் பிரச்சினையின் அளவு புரியும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரணச் சொல் கெட்டால் எழுத்துணரி அகராதியைப் பார்த்துச் சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் கெட்டால் அகராதி உதவாது. ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டினால் 'எம்' ஆகிவிடும். 'ஹெச்' என்பதை 'பி' என்று படித்துவிடும். சிட்னி கெஜட்டின் ஆரம்ப இதழ்களில் வரும் பழைய நீள 'எஸ்' எழுத்து, எழுத்துணரியின் கண்ணுக்கு 'எஃப்'. பழைய செய்தித்தாளைத் தேட வருபவர்களில் பெரும்பகுதியினர் தேடுவதோ பெயர்களைத்தான். எது மிக அவசியமோ அதுதான் மிக எளிதில் கெடுகிறது.

நூலகம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பக்கத்தைச் செய்தி செய்தியாகப் பிரிக்கும் வேலையை ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்தது. ஒவ்வொரு செய்தியின் தலைப்பையும் முதல் நான்கு வரிகளையும் கையால் சரிபார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. தேடல் முடிவுப் பட்டியலாவது படிக்கும்படி இருக்கும். ஐந்தாவது வரியிலிருந்து என்ன செய்வது? முழுவதையும் கூலிக்கு அடிக்கக் கொடுத்தால் கட்டுப்படியாகாது.

மற்ற பல இணையத் தொகுப்புகளில் இதற்கு ஒரு வழக்கமான வழி இருந்தது: எழுத்துணரி தந்த எழுத்தை ஒளித்துவைப்பது. வாசகருக்குப் படம் மட்டும் தெரியும். தேடிய சொல் மஞ்சள் பூசிக் காட்டப்படும். பின்னால் இருக்கும் குப்பை யார் கண்ணிலும் படாது. ஆஸ்திரேலியர்கள் அந்தக் குப்பையை அப்படியே படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு பக்கம் 1880-களின் பத்தி, இன்னொரு பக்கம் கணினி அதைப் படித்த லட்சணம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

கெடுக்க முடியாதபடி ஒரு கதவு

திருத்தும் பக்கம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாமே அங்கேதான் இருக்கிறது.

எழுத்து, வரி வரியாகத் தனித்தனிப் பெட்டிகளில் வரும். ஒரு வரியைத் தொட்டால் பக்கத்துப் படத்தில் அதே வரி எங்கே இருக்கிறது என்று காட்டும். எழுத்துணரி ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துவைப்பதால் இது முடிகிறது. ஒரு வரியைத் திருத்திவிட்டுப் போகலாம், முழுச் செய்தியையும் திருத்தலாம். பாதியில் விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பதிவு செய்யாதவர்கள், தாங்கள் இயந்திரம் இல்லை என்று காட்ட ஒரு கேப்ச்சாவை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை: அச்சில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது. 1890-இல் அச்சுக்கோத்தவர் பிழை விட்டிருந்தால் அந்தப் பிழையும் அப்படியே இருக்கட்டும்.

இனி முக்கியமான விஷயம். ஒருவர் திருத்தினால் பழைய வடிவம் அழியாது. ஒவ்வொரு திருத்தமும் யார் செய்தது, என்றைக்குச் செய்தது என்ற வரலாற்றோடு சேமிக்கப்படும். தேடும்போதும் எழுத்துணரியின் முதல் வடிவம், திருத்திய வடிவம் இரண்டிலும் தேடும். அதாவது, ஒரு குறும்புக்காரர் ஒரு செய்தியை முழுக்க உளறலாக மாற்றிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மூலப் படம் பத்திரமாக இருக்கிறது. முதல் எழுத்துவடிவம் இருக்கிறது, முன்பு எந்தச் சொல்லைத் தேடினால் அந்தச் செய்தி கிடைத்ததோ இன்றும் அதே சொல்லுக்குக் கிடைக்கும். அடுத்து வருபவர் சில நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். விஷமம் செய்வதால் கிடைக்கும் லாபம் பூஜ்யம். நூலகத்துக்கு நஷ்டமும் ஏறக்குறைய பூஜ்யம்.

இப்படி ஓர் அமைப்பு இருந்தால் மேற்பார்வை எதற்கு? ஒப்புதல் வரிசை வைத்திருந்தால் அதைப் பார்க்க ஊழியர்கள் வேண்டும். திருத்தங்கள் குவியும், வாரக்கணக்கில் தேங்கும், திருத்தியவர் தன் உழைப்பு திரையில் வரவில்லையே என்று விட்டுவிட்டுப் போய்விடுவார். இதே வேலையைப் புத்தகங்களுக்கு 2000 முதல் செய்துவரும் 'டிஸ்ட்ரிப்யூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ்' தளத்தில் ஒரு பக்கம் பல சுற்று மெய்ப்பு தாண்டித்தான் நூலாக வெளிவரும். அங்கே அது சரியான முறை, ஏனென்றால் கடைசியில் கிடைப்பது பிழையற்ற ஒரு பதிப்பாக இருக்க வேண்டும். செய்தித்தாளில் நேற்றைவிட இன்று கொஞ்சம் நன்றாகத் தேட முடிந்தாலே போதும். எந்த அளவுத் தரம் தேவை என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், எவ்வளவு காவல் தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும். பல நூலகத் திட்டங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறோம்.

வந்தவர்கள்

விளம்பரம் எதுவும் இல்லாமல்தான் சோதனை வடிவம் வெளியானது. முதல் ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் செய்திகளில் 20 லட்சம் வரிகள் திருத்தப்பட்டிருந்தன. வேண்டுமென்றே கெடுத்ததாக ஒன்றுகூட கண்ணில் படவில்லை என்று 2009 மார்ச்சில் ஹோலி வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. திருத்தியவர்களிடம் கருத்துக் கேட்டபோது, நூலகம் தங்களை இந்த அளவுக்கு நம்புவதைக் கண்டு அவர்களே ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். கொஞ்சம் கண்காணிப்பு வைக்கக்கூடாதா, யாராவது கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை நூலகத்தைவிட அவர்களுக்குத்தான் அதிகம். தாங்கள் திருத்தியது தங்கள் சொத்து போல ஆகிவிட்டது! நூலகம் அசைந்துகொடுக்கவில்லை. அதிகம் திருத்தியவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது; அதற்கு நல்ல வரவேற்பு. கூலி கிடையாது, பரிசு கிடையாது.

யார் இவர்கள்? குடும்ப வரலாறு தேடுபவர்கள் பெரும்பாலோர். ஓய்வுபெற்றவர்கள், வீட்டைவிட்டு அதிகம் வெளியே போக முடியாதவர்கள், தங்கள் ஊரின் பழைய கதையில் ஆர்வம் உள்ளவர்கள். தன் கொள்ளுப்பாட்டியின் திருமணச் செய்தியைத் தேடி வருபவர், கிடைத்ததும் அதில் இருக்கும் பெயரைத் திருத்துவார். அப்புறம் அதே பத்தியில் இருக்கும் அடுத்த திருமணத்தையும் திருத்துவார், அது யாரோ ஒருவரின் கொள்ளுப்பாட்டி. கீழே ஒரு கொலை வழக்கு விசாரணை இருக்கும். அதைப் படித்துக்கொண்டே திருத்த ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது.

இந்தப் 'படித்துக்கொண்டே' என்பதைக் கவனிக்க வேண்டும். பின்லாந்து தேசிய நூலகம் 2011-இல் இதே பிரச்சினைக்கு 'டிகிடால்கூட்' என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது. திரையில் வரும் ஒற்றைச் சொல்லைச் சரியாகத் தட்டச்சு செய்தால் அகழெலிகள் கடக்கப் பாலம் எழும்பும். பல்லாயிரம் பேர் விளையாடினார்கள், சொற்களும் திருத்தப்பட்டன. புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் விளையாடியவருக்கு அந்தச் சொல் எந்தச் செய்தியிலிருந்து வந்தது என்றே தெரியாது. கேப்ச்சாவில் கணினிக்குப் படிக்கத் தெரியாத சொல்லைக் கொடுத்து நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்களைத் திருத்திக்கொண்ட 'ரீகேப்ச்சா'வும் அப்படித்தான்; அங்கே வேலை செய்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. இரண்டிலும் மனிதர், எழுத்துணரியின் ஓர் உதிரிப்பாகம். கான்பெராவில் அவர் வாசகர். பின்லாந்து விளையாட்டு சில காலத்தில் முடிந்துபோனது. ஆஸ்திரேலியாவில் திருத்தம் இன்றுவரை நடக்கிறது, திருத்திய வரிகள் பல கோடியைத் தாண்டிவிட்டன. விளையாட்டு சலிக்கும். 1893 வங்கி நெருக்கடியில் தன் ஊர்க் கடைக்காரர் திவாலான கதை அவ்வளவு சீக்கிரம் சலிப்பதில்லை.

பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது

2009 இறுதியில் நூலகம் 'ட்ரோவ்' என்ற புதிய தேடல் தளத்தைத் திறந்தது. அதுவரை படங்களுக்கு ஒரு தளம், இசைக்கு ஒரு தளம், நூலகங்களின் கூட்டுப் பட்டியலுக்கு ஒன்று, பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஒன்று, சேமித்த இணையப் பக்கங்களுக்கு ஒன்று என்று வாசகர் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே பெட்டியில் தேடும்படி ஆனது. செய்தித்தாள்களும் அதற்குள் வந்தன. இன்று ட்ரோவ் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது செய்தித்தாள்கள்தான்.

சில ஆண்டுகளில் ஏ.பி.ஐ. வந்தது. அதாவது, ஒருவர் பக்கம் பக்கமாகச் சொடுக்காமல், ஒரு நிரல் எழுதி லட்சக்கணக்கான செய்திகளை மொத்தமாகக் கேட்டு வாங்கலாம். இதை அதிகம் பயன்படுத்தியவர்களில் ஒருவர் டிம் ஷெராட் என்ற வரலாற்றாய்வாளர். சில ஆண்டுகள் ட்ரோவின் மேலாளராகவும் இருந்தார். அவர் செய்த 'க்வெரிபிக்' என்ற கருவியில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அது எந்த ஆண்டு எத்தனை செய்தியில் வருகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டும். 'மாபெரும் போர்' என்று எழுதிவந்தவர்கள் எப்போது 'முதல் உலகப் போர்' என்று எழுத ஆரம்பித்தார்கள் என்பதை அதில் கண்ணால் பார்க்கலாம். இரண்டாம் போரின் தொடக்க ஆண்டுகளில் கோடுகள் இடம் மாறுகின்றன.

இலக்கியத்திலும் ஒரு பெரிய அறுவடை நடந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் கேத்ரின் போட், செய்தித்தாள்களில் தொடராக வந்த கதைகளைத் தேடினார். அவருக்குக் கைகொடுத்தது மிக எளிய உத்தி: 'அத்தியாயம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடுவது. தொடர்கதையில் அது வராமல் இருக்காதல்லவா. அப்படி 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களும் சிறுகதைகளும் அகப்பட்டன, அவற்றில் பல யாருக்கும் நினைவில் இல்லாதவை. தலைப்பும் முதல் நான்கு வரிகளும் கையால் திருத்தப்பட்டிருந்தது இங்கே நிறைய உதவியிருக்கும் என்பது என் ஊகம், ஏனென்றால் அத்தியாய எண் வருவது அந்த இடத்தில்தான். ஒப்பந்தம் எழுதும்போது தேடல் பட்டியலை அழகாக்க நினைத்துப் போட்ட ஒரு நிபந்தனை, பல ஆண்டு கழித்து வேறொருவரின் ஆய்வுக்கு வழிவிட்டிருக்கிறது.

நம் பக்கத்து ஆய்வாளர்களுக்கும் இதில் சரக்கு உண்டு. சென்னை மாகாணத்தை 1876–78 பஞ்சம் வாட்டியபோது ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் நிவாரண நிதி திரட்டினார்கள். நியூ சவுத் வேல்ஸில் வளர்த்த 'வேலர்' குதிரைகள் ராணுவத்துக்காகக் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. இரண்டும் அந்தக்கால ஊர்ப் பத்திரிகைகளின் செய்தி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒரு மாணவர் கட்டணம் இல்லாமல், கணக்குத் தொடங்காமல் இவற்றைத் தேடிப் படிக்கலாம். 'மெட்ராஸ்' என்று தேடிக் கிடைக்காவிட்டால் அது இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், எழுத்துணரி அந்தச் சொல்லை எப்படியெல்லாம் கெடுத்திருக்கும் என்று யோசித்து வேறு எழுத்துக்கூட்டலிலும் தேடிப்பாருங்கள். கிடைத்தால் திருத்திவிட்டு வாருங்கள்.

சீரற்ற வெளிச்சம்

ஆய்வாளர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. கோடிக்கணக்கில் வரிகள் திருத்தப்பட்டாலும், மொத்தச் செய்திகளில் திருத்தம் கண்டவை மிகச் சிறிய பங்குதான். அதுவும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ட்ரோவ் ஒவ்வொரு செய்தியையும் செய்தி, விளம்பரம், குடும்ப அறிவிப்பு, விரிவான பட்டியல்கள் என்று வகை பிரிக்கிறது. பிறப்பு, இறப்பு, திருமணம் வரும் குடும்ப அறிவிப்புகளில் திருத்தத்தின் விகிதம் மற்றவற்றைவிட அதிகம் என்பதை ஷெராட்டின் ஆய்வு காட்டுகிறது. இது எதிர்பார்த்ததுதான். சொந்த ஆர்வத்தில் வருபவர்களிடம் சந்தை விலைப்பட்டியலையும் கப்பல் சரக்குப் பட்டியலையும் திருத்தித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? பொருளாதார வரலாறு எழுதுபவருக்கோ அந்தப் பட்டியல்தான் தேவை. அங்கே தன்னார்வலரை நம்பிப் பயனில்லை, காசு கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

எந்த இதழ் ஏற்றப்பட்டது என்பதிலும் இதே கதை. ட்ரோவில் ஆண்டுவாரியாகச் செய்திகளின் எண்ணிக்கையை வரைந்தால் 1915 வாக்கில் ஒரு பெரிய முகடு தெரியும். அந்த ஆண்டு அதிகம் நடந்ததால் வந்ததில்லை அது. முதல் உலகப் போரின் நூற்றாண்டை ஒட்டி அந்தக் காலத்து இதழ்களை ஏற்ற முன்னுரிமையும் நிதியும் கிடைத்தன. 1954 முடிந்ததும் கோடு செங்குத்தாக விழும், அது பதிப்புரிமை. பின்னாட்களில் உள்ளூர் சபைகளும் வரலாற்றுக் கழகங்களும் பணம் கட்டித் தங்கள் ஊர்ப் பத்திரிகையை ஏற்றச் செய்யும் வழி திறந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பணம் திரட்ட முடிந்த ஊர் தேடலில் வரும், முடியாத ஊர் வராது. வரைபடத்தைப் பார்த்து வரலாறு எழுதும் முன் இதையெல்லாம் கணக்கில் கொள்ள வேண்டும். பழங்குடி மக்களைப் பற்றி அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதிய விதம் வேறு ஒரு பெரிய சிக்கல். திருத்துபவர் அச்சில் உள்ளதை மாற்ற முடியாது, ஆகவே முன்னெச்சரிக்கைக் குறிப்பு வைப்பதோடு நூலகம் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2020 ஜூனில் தளத்தின் தோற்றம் முழுக்க மாற்றப்பட்டபோது பழகிய வாசகர்கள் நிறைய முணுமுணுத்தார்கள். எந்தத் தளத்திலும் நடப்பதுதான்.

பணம் என்று வந்தபோது

திருத்துவதற்கு ஆள் இலவசமாகக் கிடைத்தார்கள். சர்வரும், நிரலாளரும், ஸ்கேன் செலவும் இலவசம் இல்லை. 2016-இல் அரசு நிறுவனங்களுக்கான நிதிக் குறைப்பில் நூலகமும் மாட்டியது. அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள் போன்றவற்றின் தொகுப்புகளைச் செலவுக்குப் பணம் கிடைக்காமல் ட்ரோவில் இனிச் சேர்க்க முடியாது என்று அறிவித்தது. சமூக ஊடகங்களில் 'ஃபண்ட் ட்ரோவ்', அதாவது ட்ரோவுக்கு நிதி கொடு, என்ற முழக்கம் கிளம்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் நான்கு ஆண்டுகளுக்கு 1.64 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கினார்கள். அதன்பின்னும் நிரந்தர ஏற்பாடு வரவில்லை. 2023 ஜூனோடு பணம் தீர்ந்துவிடும், தளத்தையே மூட வேண்டி வரலாம் என்ற நிலை மறுபடியும் வந்தது. மறுபடியும் கூச்சல். 2023 ஏப்ரலில் கலைத்துறை அமைச்சர் டோனி பர்க், நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி டாலரும் அதன்பின் ஆண்டுதோறும் 92 லட்சம் டாலரும் தரப்படும் என்று அறிவித்தார். தளம் தொடங்கிப் பதிமூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகுதான் நிலையான நிதி.

இரண்டு முறையும் குரல் கொடுத்தவர்களில் திருத்துபவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள், எழுத்தாளர்கள் என்று பலரும் பேசினார்கள். ஆனாலும் ஒரு தளத்தில் தன் கையால் ஆயிரக்கணக்கான வரிகளைச் சரிசெய்த ஒருவர் அது மூடப்படும் என்றால் சும்மா இருப்பாரா? எழுத்துணரியை மேம்படுத்தி எல்லாவற்றையும் இயந்திரமே திருத்தும்படி செய்திருந்தால் தேடல் நன்றாக வந்திருக்கும். இப்படி ஒரு கூட்டம் உருவாகியிருக்காது. எழுத்துணரிகள் வேகமாக மேம்பட்டுவரும் இந்த நாட்களில் நூலகங்கள் இதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

தமிழில் எங்கே நிற்கிறோம்

இதற்கு நெருங்கிய தமிழ் முயற்சி விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்த நாட்டுடைமை நூல்கள் அங்கே ஏற்றப்பட்டு, எழுத்துணரியால் எழுத்தாக்கப்பட்டு, தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. 'ர' எழுத்தும் துணைக்காலும் இடம் மாறிக்கொள்வதை அங்கே வேலை செய்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். திறந்த கதவு, அழியாத வரலாறு, பக்கத்திலேயே படம் என்று கான்பெராவில் வேலை செய்த மூன்றும் இங்கேயும் இருக்கின்றன. ஆகவே தமிழ் வாசகர்கள் இப்படி வேலை செய்வார்களா என்ற கேள்விக்கு ஏற்கெனவே பதில் கிடைத்துவிட்டது.

புத்தகத்துக்குச் சரிவரும் இந்த ஏற்பாட்டை அப்படியே பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எடுத்துப்போக முடியாது. புத்தகப் பக்கத்தில் ஒரே பத்திதான், மேலிருந்து கீழே படித்தால் போதும். செய்தித்தாள் பக்கத்தில் ஒரு செய்தி மூன்றாவது பத்தியில் தொடங்கி நான்காவதில் ஏறி, விளம்பரத்தைத் தாண்டி, அடுத்த பக்கத்தில் முடியும். அதைச் செய்தி செய்தியாகப் பிரித்து ஒட்டினால்தான் எழுத்துணரிக்கும் வேலை, தேடுபவருக்கும் பலன், திருத்துபவருக்கும் படிக்க ஒரு கதை. ஆஸ்திரேலியர்கள் இதைத் தன்னார்வலர்களிடம் விடவில்லை, தலைப்பையும் முதல் நான்கு வரிகளையும் சேர்த்து ஒப்பந்தக்காரர்களுக்குக் காசு கொடுத்துச் செய்யவைத்தார்கள். அந்தக்காலத் தமிழ் நாளிதழ் ஒன்றுக்காவது இதைச் செய்ய நினைக்கும் நூலகமோ பல்கலைக்கழகமோ நிதிநிலை போடும்போது, ஸ்கேனருக்கும் சர்வருக்கும் எழுதிய பிறகு மூன்றாவது வரியில் எழுத வேண்டியது அந்தக் கூலியை.